கோடு கோடாக அச்சாகிறதா? மை வாங்கும் முன் ஒரு சோதனைத் தாள்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பினோம். வந்த மறுநாள் மகளின் ஹால் டிக்கெட்டை அச்செடுத்தால், எழுத்துகளின் குறுக்கே வெள்ளைக் கோடுகள், புகைப்படத்தில் பச்சை முகம். 'மை தீர்ந்துவிட்டது' என்றார் வீட்டுக்காரர். பிரிண்டர் டேங்க்கில் பாதிக்கு மேல் மை இருந்தது.

மை இருந்தும் தாளுக்கு வராவிட்டால், பெரும்பாலும் மையைத் தாளில் தெளிக்கும் ஹெட்டில் உள்ள நுண்துளைகள்தான் காய்ந்து அடைத்திருக்கும். அவற்றைத்தான் நாசில் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அடைத்தது மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு மை. அந்த நிறம் இல்லாமல் போனால் முகம் பச்சையடிக்கும்.

முதல் வேலை நாசில் செக். கணினியில் பிரிண்டிங் பிரிஃபரன்சஸ் திறந்து, மெயின்டனன்ஸ் பக்கத்துக்குப் போனால் மை தெளித்து அச்சடிக்கும் பெரும்பாலான இங்க்ஜெட் பிரிண்டர்களில் இது இருக்கும். நான்கு நிறங்களிலும் சிறு சிறு கோடுகள் அச்சாகி வரும். எந்த நிறத்தில் கோடு விட்டுப்போயிருக்கிறதோ, அங்கேதான் அடைப்பு.

அடைப்பு தெரிந்தால் ஹெட் கிளீனிங்கை ஒரே ஒரு முறை கொடுத்துவிட்டு, மறுபடியும் நாசில் செக் எடுத்துப் பாருங்கள். இரண்டு, மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் மை உறிஞ்சப்பட்டு, உள்ளே இருக்கும் கழிவுப் பஞ்சில் போய்ச் சேர்கிறது. காசைச் சாக்கடையில் ஊற்றுகிற மாதிரி. அதற்கும் சரியாகவில்லையென்றால் பிரிண்டரை அணைத்து இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காய்ந்த மை ஊறி இளகும். எங்களுக்கு மறுநாள் காலை நான்காவது கிளீனிங்கில்தான் முகம் தேறியது.

ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் சுவர் ஸ்விட்சை அணைத்திருந்தேன். பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தினால்தான் ஹெட் ஓரமாக நகர்ந்து, ரப்பர் மூடிமேல் உட்காரும். பாதி வேலையில் மின்சாரத்தைப் பிடுங்கினால் அது திறந்தபடியே நின்று காயும். வாரம் ஒரு வண்ணப் பக்கம் அச்செடுப்பதும் நல்லது.

நாசில் செக் சுத்தமாக வந்தும் அச்சு மங்கலா? மை குறைவாகச் செலவாகும் டிராஃப்ட் தரத்தில் இருக்கிறதா, காகித வகை சரியாகத் தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நேர்கோடு இரட்டையாகத் தெரிந்தால் ஹெட் அலைன்மென்ட் கொடுங்கள். போட்டோ தாளில் வழவழப்பான பக்கத்தில்தான் மை பிடிக்கும்.

அலுவலக லேசர் பிரிண்டரின் கதை வேறு. தாளின் ஒரு பக்கம் மட்டும் வெளிறினால் மைத்தூள் (டோனர்) இருக்கும் கார்ட்ரிட்ஜை எடுத்து, படுக்கை வாக்கில் ஐந்தாறு முறை மெதுவாக ஆட்டிப் போடுங்கள். இன்னும் சில பக்கங்கள் ஓடும். ஒரே புள்ளி சம இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தால் டிரம் என்ற உருளையிலோ வேறோர் உருளையிலோ கீறல் அல்லது அழுக்கு. எழுத்தை விரலால் தேய்த்தால் உதிர்கிறதா? தாள் ஈரம் குடித்திருக்கலாம். மழைக்காலத்தில் பிரித்த கட்டை உறையிலேயே மூடி வையுங்கள். புதுத் தாளிலும் உதிர்ந்தால் சூடேற்றும் ஃபியூசரில் கோளாறு. அது மெக்கானிக் வேலை.

டோனர் தூள் சட்டையில் கொட்டினால் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் அது உருகித் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும்.