ஜெர்மனியில் முதுகலை: தரவரிசைப் பட்டியலை மூடிவிட்டுப் படிக்க வேண்டிய பக்கங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு விண்ணப்பக் கோப்புகள் என்னிடம் வரத் தொடங்கிவிடும். ஜெர்மனியில் முதுகலை முடித்து அங்கேயே பணியில் இருப்பவன் என்பதால், "அண்ணா, அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கும் ஜூனியர்களை மறுக்க மனம் வருவதில்லை. பார்க்கப் பார்க்க, என் வகுப்பினர் அன்று செய்த அதே தவறுகள் ஆள் மாறி, ஆண்டு மாறி, அப்படியே திரும்பி வருகின்றன. பாஸ்போர்ட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும், ஐஇஎல்டிஎஸ் காலாவதியாகியிருக்கக் கூடாது என்பன போன்றவற்றை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே நான் எழுதுவது, ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலவழி முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் ஊர்ப் பொறியியல் பட்டதாரிகளுக்காக.

தகுதி விதிகளைப் படிக்காமலேயே படிப்பைத் தேர்ந்தெடுத்தல்

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டுவது இந்த ஒன்றுதான். நம் மாணவர்கள் வெளிநாட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை, பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த அதே முறைதான். ஒருபுறம் உலகத் தரவரிசை, மறுபுறம் தம்முடைய சிஜிபிஏ, இரண்டுக்கும் நடுவே "ஆம்பிஷியஸ், மாடரேட், சேஃப்" என்று மூன்று வண்ணத்தில் ஓர் எக்செல் அட்டவணை. அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்போரிடமிருந்து தொற்றிக்கொண்ட வழக்கம் இது. அங்கே விண்ணப்பதாரரை ஒட்டுமொத்தமாகப் பார்ப்பதால், ஓரிடத்துக் குறையை வேறோரிடத்து நிறை ஈடுகட்டிவிடக்கூடும். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகத்திலோ ஒவ்வொரு படிப்புக்கும் சேர்க்கை விதிமுறை என்ற தனி ஆவணம் உண்டு. பல படிப்புகளில், இளங்கலையில் எந்தத் துறையில் எத்தனை இசிடிஎஸ் கிரெடிட் (ஐரோப்பாவில் படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) படித்திருக்க வேண்டும் என்று அதில் எண்ணிலேயே எழுதியிருக்கும். அந்த எண் உங்களிடம் இல்லையென்றால், உங்கள் 9.2 சிஜிபிஏவையும் பத்து நாள் உட்கார்ந்து செதுக்கிய எஸ்ஓபி என்ற நோக்கக் கடிதத்தையும் யாரும் எடைபோடுவதற்கு முன்பே விண்ணப்பம் நின்றுவிடும்.

சேலம் பக்கத்து இயந்திரவியல் மாணவர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் படித்தவர், 8.6 சிஜிபிஏ, அரியர் ஒன்றுகூட இல்லை. வளாகத் தேர்வில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டேட்டா சயின்ஸ் படிப்புகள் எட்டுக்கு விண்ணப்பித்தார். எட்டும், பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பின் வழியாகப் போனவை. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்தவற்றுக்குத் தலா 30 யூரோ என்ற கணக்கில் 285 யூரோ அதற்கே போயிற்று. நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏபிஎஸ் சான்றிதழுக்குக் கட்டிய 18,000 ரூபாய் தனி. எட்டிலிருந்தும் நிராகரிப்பு வந்த பிறகுதான் என்னிடம் வந்தார். "எஸ்ஓபி சரியில்லையோ அண்ணா?" என்பது அவருடைய முதல் கேள்வி.

அவர் விண்ணப்பித்த படிப்புகளில் ஒன்றின் விதிமுறையை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் கணக்குப் போட்டோம். கணிதத்தில் 24 இசிடிஎஸ், கணினி அறிவியலில் 30 இசிடிஎஸ் வேண்டும் என்று அதில் இருந்தது. ஜெர்மனியில் ஓர் ஆண்டு முழுநேரப் படிப்பு 60 இசிடிஎஸ். நம்முடைய நான்காண்டுப் படிப்பை 240 என்று கொண்டு, அதை ஏறத்தாழ 160 கிரெடிட்டால் வகுத்தால், நம் ஒரு கிரெடிட் சுமார் ஒன்றரை இசிடிஎஸ். எல்லாப் பல்கலைக்கழகங்களும் இப்படியே கணக்கிடும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள இது போதும். மேட்ரிசஸ் அண்டு கால்குலஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்டு நியூமெரிக்கல் மெத்தட்ஸ், டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்டு பார்ஷியல் டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன்ஸ் ஆகிய மூன்று தாள்களும் தலா நான்கு கிரெடிட். ஆக 12 கிரெடிட், அதாவது 18 இசிடிஎஸ். கணினி அறிவியலில் முதல் செமஸ்டர் பைத்தான் தாளும் அதன் ஆய்வகமும் சேர்ந்து 5 கிரெடிட், அதாவது ஏழரை இசிடிஎஸ். வேண்டியது முப்பது. ஆன்லைனில் அவர் முடித்திருந்த அரை டஜன் மெஷின் லேர்னிங் சான்றிதழ்கள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. எஸ்ஓபியை யாரும் திறந்திருப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

என் கோபமெல்லாம், இந்தக் கணக்கைப் போட எங்களுக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை என்பதுதான். விதிமுறை ஆவணம் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெரும்பாலும் அது ஜெர்மன் மொழியில் இருக்கும், சட்டப்படி செல்லுவதும் அந்த ஜெர்மன் வடிவமே. ஆங்கிலப் பக்கத்தில் காண்பது வெறும் சுருக்கம். அந்தச் சுருக்கத்தில் "கணினி அறிவியல் அல்லது அதற்கு நெருங்கிய துறையில் பட்டம்" என்று பொதுப்படையாக எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, இயந்திரவியலும் நெருங்கிய துறைதானே என்று நம் பிள்ளைகள் மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். எவ்வளவு நெருக்கம் என்பதை ஜெர்மன் ஆவணம் எண்ணிச் சொல்லியிருக்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் புரிந்துகொள்ளும் அளவுக்கு வந்துவிடும். சேர்க்கைக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை என்று குறிப்பிட்டிருக்கும் படிப்புகளிலும் இந்தப் பாடத் தகுதி உண்டு என்பதையும் பலர் கவனிப்பதில்லை. வரம்பு இல்லை என்றால் தகுதி உள்ள அனைவருக்கும் இடம் உண்டு என்று பொருளே தவிர, கேட்டவர்களுக்கெல்லாம் இடம் என்று பொருள் அல்ல.

தகுதி இருந்தும் அதைக் காட்டத் தெரியாமல் தோற்பவர்கள் இன்னொரு வகை. 2017 பாடத்திட்டத்தில் படித்தவர்களின் மதிப்பெண் பட்டியலில் "இன்ஜினியரிங் மேத்தமேட்டிக்ஸ் 2" என்று இருக்கும். லீனியர் அல்ஜீப்ரா படித்திருக்கிறாரா என்று தேடும் ஜெர்மன் பேராசிரியருக்கு இந்தத் தலைப்பு ஒன்றையும் சொல்லாது. உண்மையில் அந்தத் தாளின் முதல் யூனிட் மேட்ரிசஸ். மற்ற நான்கும் வெக்டார் கால்குலஸ், காம்ப்ளெக்ஸ் சார்பான இரண்டு யூனிட்டுகள், லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம். அவர்கள் கேட்கும் துறைக்கு நேராக நாம் படித்த தாளை வைக்கும் ஒப்பீட்டு அட்டவணையில் இதை யூனிட் யூனிட்டாகப் பிரித்துக் காட்ட வேண்டும். ஒரு மாணவர் நான்கு கிரெடிட்டையும் லீனியர் அல்ஜீப்ரா என்று எழுதி வைத்திருந்தார். சிலபஸும் உடன் இணைக்கப்படுவதால் இது ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும். அதன்பின் அட்டவணையின் மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இன்ஃபர்மாட்டிக்ஸ் படிப்பு போன்ற சிலவற்றில் இந்த ஒப்பீட்டுக்கென்றே கரிக்குலர் அனாலிசிஸ் என்ற படிவம் இருக்கிறது. படிவம் கேட்காத பல்கலைக்கழகங்களிலும், கூடுதல் கோப்பை இணைக்க வழி இருந்தால் ஒரு பக்க அட்டவணையை நீங்களே தயாரித்து இணைப்பது நல்லது: அவர்கள் கேட்கும் துறை, நீங்கள் படித்த தாள், யூனிட்டுகள், கிரெடிட், சிலபஸ் கோப்பில் பக்க எண்.

குறை சிறிதாக இருந்தால் வழி அடைபட்டுவிடுவதில்லை. சில பல்கலைக்கழகங்கள், விடுபட்ட இளங்கலைத் தாள்களை முதல் ஆண்டுக்குள் எழுதித் தேற வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொள்கின்றன. எத்தனை கிரெடிட் வரை என்பதும் அதே ஆவணத்தில் இருக்கும். எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் படிப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். "என் புரொஃபைலுக்குக் கிடைக்குமா?" என்று கேட்டால் பதில் வராது, அல்லது விதியைப் பார்க்கச் சொல்லி ஒரு சுட்டி வரும். "விதியின் இந்தப் பிரிவு கேட்கும் புள்ளியியலுக்கு, என்னுடைய இந்தத் தாளின் இந்த மூன்று யூனிட்டுகள் ஏற்கப்படுமா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் வந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். 7.4 சிஜிபிஏ வைத்திருந்த ஈசிஇ மாணவி ஒருவர், தரவரிசையைத் திரும்பியும் பார்க்காமல், சிக்னல் பிராசஸிங், கம்யூனிகேஷன் தாள்களுக்கு நல்ல எடை தரும் மூன்று படிப்புகளை மட்டும் இப்படித் தேடி எடுத்தார். இரண்டில் இடம் கிடைத்தது. சேலத்து மாணவருக்கோ, அவர் பார்த்த படிப்புகள் அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்தில் மட்டுமே தொடங்குபவை என்பதால், ஓர் ஆண்டு முழுவதும் போயிற்று. மறுத்த வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை.

சிஜிபிஏவைப் பத்தால் பெருக்கிச் சொல்லுதல்

பத்தால் பெருக்கி எடுத்த சதவீதம் அங்கே உதவாது. ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் விளிம்பு. நம் மதிப்பெண்ணை மாற்றப் பயன்படும் பவாரியச் சூத்திரம் இரண்டு எண்களைக் கேட்கிறது: அதிகபட்ச மதிப்பெண், குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண். உச்சத்திலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு 8.0 வைத்திருப்பவருக்குத் தேர்ச்சி எல்லை 5 என்றால் 2.2 வரும், 6 என்றால் 2.5 ஆகிவிடும். 2.5 என்ற எல்லையைப் பல படிப்புகள் வைத்திருப்பதால், இந்த வேறுபாடு சிறியதல்ல. ஆகவே உச்ச மதிப்பெண்ணையும் தேர்ச்சி எல்லையையும் குறிப்பிடும் கிரேடிங் கடிதத்தைப் பல்கலைக்கழகத்திடமிருந்தோ கல்லூரியிடமிருந்தோ பெற்றுக்கொள்ளுங்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அதை வாங்க எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கும் என்பது ஊருக்குத் தெரிந்ததே. எனவே விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே மனுவைக் கொடுத்துவிடுவது உத்தமம்.

ஜூலை 15 என்று நம்பியிருத்தல்

குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை 15 என்பது பொதுவாகச் சொல்லப்படும் நாள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கான நாள் பல இடங்களில் அதற்கு மிக முன்பே முடிந்துவிடும். ஆஹன் பல்கலைக்கழகத்தின் பல முதுகலைப் படிப்புகளுக்கு மார்ச் 1, வேறு பலவற்றுக்கு மே இறுதி. சில பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் தரும் விபிடி என்ற முன்மதிப்பீட்டு ஆவணத்தை வாங்கிக்கொண்டு தம்மிடம் நேரடியாக விண்ணப்பிக்கச் சொல்கின்றன. அது வரச் சில வாரங்கள் ஆகும். இந்திய மாணவர்களின் விசாவுக்கு 2022 நவம்பர் முதல் கட்டாயமாகியிருக்கும் ஏபிஎஸ் சான்றிதழைப் பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்திலேயே கேட்கின்றன. இவற்றையெல்லாம் பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தால், மே மாதத்து விண்ணப்பத்துக்கான வேலை முந்தைய தீபாவளிக்குள் தொடங்கியிருக்க வேண்டும்.

யூனி-அசிஸ்ட் கட்டணத்தைக் கடைசி நாளில் செலுத்துதல்

பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் கோப்பையே திறப்பார்கள்.

ஒரே எஸ்ஓபியை எல்லா இடத்துக்கும் அனுப்புதல்

ஊர்ப் பெயரை மாற்ற மறந்து அனுப்பியவர்களும் உண்டு.

மின்னஞ்சலைக் கன்சல்டன்சியிடம் ஒப்படைத்தல்

உங்கள் பெயரில் ஒரு புதிய மின்னஞ்சல் முகவரியைத் தொடங்கி, கடவுச்சொல்லைத் தாமே வைத்துக்கொள்ளும் கன்சல்டன்சிகள் இருக்கின்றன. மதுரையைச் சேர்ந்த ஒரு மாணவியிடம் பல்கலைக்கழகம் கூடுதலாக ஒரு சிலபஸ் கேட்டு, பத்து நாள் அவகாசமும் தந்திருந்தது. அந்த மின்னஞ்சல் அவர் கண்ணில் பட்டபோது அவகாசம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆலோசனை கேட்பதில் தவறில்லை. ஆனால் முகவரியும் கடவுச்சொல்லும் விண்ணப்பத் தளத்தின் கணக்கும் உங்களிடமே இருக்க வேண்டும். ஒரு சிஜிபிஏவைப் பார்த்த இரண்டு நிமிடத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பெயரை முதலில் சொல்பவர்களிடம், அங்கிருந்து அவர்களுக்குக் கமிஷன் உண்டா என்று நேராகவே கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடுவதால் அவர்களுக்கு அப்படி எதுவும் கிடைப்பதில்லை.

கட்டணமே இல்லை என்று கணக்குப் போடுதல்

பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்தே, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஸ்டுட்கார்ட்டும் கார்ல்ஸ்ரூவேயும் அந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்தில் கட்டண முறையைக் கொண்டுவந்துவிட்டது. கட்டணம் இல்லாத இடத்திலும், வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முடக்கி வைக்கும் பிளாக்டு அக்கவுண்ட் உண்டு. 2024 செப்டம்பரில் நிர்ணயித்தபடி ஆண்டுக்கு 11,904 யூரோவை விசாவுக்கு முன்பே அதில் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாகவே எடுக்க முடியும்.

இந்தப் பணத்தைக் கல்விக் கடனில் சமாளிக்கலாம் என்று இருப்பவர்கள், சேர்க்கைக் கடிதம் வரும்வரை வங்கிப் பக்கமே போவதில்லை. கடிதம் ஜூலையில் வரும், வகுப்பு அக்டோபரில் தொடங்கும், நடுவில் விசாவுக்கு நாள் கிடைக்க வேண்டும். கடன் தொகையைப் பல்கலைக்கழகத்துக்குத்தான் அனுப்புவோம், மாணவர் பெயரில் உள்ள வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்ப மாட்டோம் என்று கிளை மேலாளர் அப்போது சொன்னால், வேறு வங்கியைத் தேடுவதற்கு நேரம் இருக்காது. பிளாக்டு அக்கவுண்டுக்குப் பணம் அனுப்புவார்களா, அடமானத்துக்கு எந்தெந்தப் பத்திரங்கள் வேண்டும் என்ற இரண்டு கேள்விகளையும் விண்ணப்பம் அனுப்பும் மாதத்திலேயே வங்கியில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.