முழங்கால் மூட்டு மாற்று: வீட்டில் நடக்கும் தவறுகள்

மூட்டு மாற்று அறுவை முடிந்து சேலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததும் பலர் முதலில் செய்வது, முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது. வைத்தால் வலி குறைவது உண்மைதான். மூட்டு லேசாக மடங்கியிருக்கும்போது உள்ளே தேங்கிய நீருக்கு இடம் கிடைக்கிறது, அதனால் சுகமாக இருக்கிறது. ஆனால் இரவெல்லாம் அப்படியே கிடந்தால் முழங்காலின் பின்பக்கச் சவ்வும் தசைநாரும் அந்த மடக்கத்திலேயே இறுகிவிடும். பிறகு கால் நேராக நீளாது. 10, 15 டிகிரி குறைந்தாலே நிற்கும்போதும் தொடைச்சதை ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். நொண்டல் நிற்காது, இடுப்பும் அடுத்த காலும் வலிக்கத் தொடங்கும்.

முழங்காலை மடக்கும் அளவு சில மாதங்கள் கழித்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். ஆனால் காலை நேராக நீட்டும் திறன் முதல் ஆறு வாரத்தில் கைவிட்டுப் போனால் மீட்பது மிகக் கடினம். அதனால் தலையணையையோ சுருட்டிய துண்டையோ குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் இருக்கட்டும். ஒரு தடவைக்கு 10 நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை. அதே நிலையில் தொடைச்சதையை இறுக்கி, முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தி 5 விநாடி பிடித்து விடுங்கள், 10 முறை.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது "எவ்வளவு மடங்குது?" என்பதைத்தான். சமதரையில் நடக்க ஏறக்குறைய 65 டிகிரி போதும். படி ஏறி இறங்க 85 முதல் 100 வரையும், நாற்காலியிலிருந்து எழ 95 அளவும் வேண்டும். இதற்காகக் காலைத் தானாக மடக்கி நீட்டும் சி.பி.எம். மெஷினை வாடகைக்கு எடுப்பவர்கள் உண்டு. 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) மதிப்பாய்வில், அதனால் கிடைத்த கூடுதல் மடக்கம் சராசரியாக 2 டிகிரிதான். வாழ்க்கையில் அது ஒன்றுமேயில்லை. அந்த வாடகைப் பணத்தில் பிசியோதெரபிஸ்ட் வாரம் இரண்டு நாள் வந்து போகலாம். மெஷின் காலை அசைக்கும்போது தொடைச்சதை சும்மா கிடக்கிறது. பலம் திரும்ப வேண்டியதோ அந்தச் சதைக்கு. ஆறு வாரம் ஆகியும் 90 டிகிரி தாண்டவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் சிகிச்சை முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும்.

கிட்னி கெட்டுவிடும் என்று வலி மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்துவதும் இதே இறுகிய முழங்காலில்தான் கொண்டுபோய் விடும். வலியோடு யாராலும் பயிற்சி செய்ய முடியாது. டாக்டர் எழுதிய மாத்திரையைப் பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பு போடுங்கள். ஏற்கெனவே கிட்னித் தொல்லை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் டைக்ளோஃபினாக் வகையைத் தவிர்த்து வேறு மாத்திரை எழுதுவார்கள்.

காயத்தின் மேல் எண்ணெய், மஞ்சள், ஒத்தடம் எதுவும் வேண்டாம். தையல் பிரித்து காயம் நன்றாக மூடும் வரை உலர்ந்தே இருக்கட்டும். வீக்கத்துக்கு, துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். மூட்டு சில மாதங்கள் கதகதப்பாக இருப்பதும், தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பதும் சகஜம். தோலுக்கு உணர்ச்சி தரும் சிறு நரம்பு அறுவையின்போது வெட்டுப்படுவதால் வருவது அந்த மரப்பு.

ஆனால் சிவப்பு நாளுக்கு நாள் கூடினாலோ காயத்தில் நீர் கசிந்தாலோ மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதுதான் இந்தக் கட்டுரையில் சொல்லும் தவறுகளிலேயே ஆபத்தானது. மாத்திரை கிருமியை அரைகுறையாக அடக்கும். பரிசோதனையில் எந்தக் கிருமி என்று தெரியாமல் போகும். அதுவோ உலோகத்தின் மேல் படலம் கட்டிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடும். முதல் சில வாரங்களில் டாக்டரிடம் வந்துவிட்டால் மூட்டைக் கழுவி, இடையிலுள்ள பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றிப் பெரும்பாலும் காப்பாற்றலாம். தாமதித்தால் முழு மூட்டையும் கழற்ற நேரும்.

தொற்றுக்கான வழி அறுவைக்கு முன்பே திறந்துவிடுவதும் உண்டு: சர்க்கரை கட்டுக்குள் வராமல் தேதி குறிப்பது, சொத்தைப்பல்லை அப்படியே விடுவது, கடைசி மூன்று மாதத்துக்குள் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது, முதல்நாள் வீட்டில் பிளேடால் காலை மழிப்பது. பிளேடு விடும் நுண்ணிய கீறல்களில் கிருமி குடியேறும். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. கொலுசையும் மெட்டியையும் வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போங்கள். பல வருடமாகக் கழற்றாத மெட்டியைப் பாதம் வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 20 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் கால் மடக்கி உட்கார்ந்து போவதைவிட, தையல் பிரிக்கும் வரை சேலத்தில் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. போயே ஆக வேண்டுமென்றால் காரில் முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, காலை நீட்டி, கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே போங்கள். கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எஸ்டேட் வீடுகளின் கல்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். கைத்தடி எதிர்ப்பக்கக் கையில். அறுவை செய்த பக்கமே தடியைப் பிடிப்பவர்கள் ஏராளம். அப்படிப் பிடித்தால் உடம்பு அந்தப் பக்கமே சாய்ந்து பாரமெல்லாம் புது மூட்டில் இறங்கும்.

எல்லா மூட்டுவலிக்கும் உடனே அறுவை என்று நினைப்பதும் தவறு. டென்மார்க்கில் 100 பேரை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி அதிகமாகக் குறைந்தது. ஆனால் பயிற்சி, எடைக் குறைப்பு போன்றவை மட்டும் பெற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓராண்டுக்குள் அறுவைக்கே போகவில்லை. தரையில் சம்மணமிட்டுக் கொலுசு செய்கிறவர்களும் குழித்தறியில் நெய்கிறவர்களும், அந்த வேலைக்குத் திரும்ப முடியுமா என்று தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பலருக்கு மேஜையும் உயரமான இருக்கையும் தேவைப்படும்.

புது மூட்டு நெடுநாள் உழைக்கும். 25 வருடம் கழித்தும் நூற்றில் 82 மூட்டுகள் மாற்றப்படாமல் இருப்பதாக 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு சொல்கிறது. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைத்துவிடாதீர்கள். பொருத்திய பாகங்களின் ஸ்டிக்கர், கம்பெனி பெயர், அளவு, எண் அதில் இருக்கின்றனவா என்று பார்த்து, ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். என்றைக்காவது ஒரு பாகத்தை மட்டும் மாற்ற நேர்ந்தால், பொருந்தும் பாகத்தை அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள்.