அஞ்சு வெள்ளிக்கு வாங்கின மீனுக்காக ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு

போன வாரம் இங்க சிங்கப்பூர்ல எங்க புளோக் கீழ்மாடித் தம்பி வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பினான். புதுசா கடல் மீன் டேங்க், மூணு அடி, பாறையெல்லாம் அழகா அடுக்கியிருக்கான். உள்ள கட்டைவிரல் நகம் அளவுல கருப்பா மூணு மீனு, நெத்தியில ஒண்ணு, விலாவுல பக்கத்துக்கு ஒண்ணுன்னு வெள்ளைப் புள்ளி. "சைக்கிளிங் ஆரம்பிச்சாச்சுண்ணே." சைக்கிளிங்னா புது டேங்க்ல நல்ல பாக்டீரியாவை வளர்க்குறது. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி நான் பண்ணின அதே கூத்து, டாம்சல் வகையில அதே டாமினோ மீனு, கடைக்காரர் சொன்னதும் அதேதான்: "இது லேசுல சாகாது."

உப்பு அளவு, வாட்டர் டெஸ்ட், நம்ம ஊர் சூட்டுக்குத் தண்ணியக் குளுர வைக்கிற சில்லர் இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. நான் டேங்க்ல மத்த மீனோட சண்டை போடுற மீனைப் பத்தி மட்டும் சொல்றேன்.

சைக்கிளிங்குக்கு டாம்சல் விடுறது

புது டேங்க்ல அம்மோனியாவை நைட்ரைட்டாவும், அதை நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா இருக்காது, அது வளர 4 முதல் 6 வாரம் ஆகும், அதுக்குத் தீனியா அம்மோனியா வேணும். அந்தக் காலத்துல எல்லாரும் டாம்சலை விட்டாங்க, ஏன்னா அந்த விஷத்தண்ணியிலயும் தாக்குப்பிடிக்கும். சரி, சைக்கிள் முடிஞ்சிரும், மீனு எங்க போகும்? அங்கேயேதான் இருக்கும். டாமினோ 14 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும். கடல்ல குட்டியா இருக்கப்ப கடல் சாமந்தி (அனிமோனி) பக்கத்துல கும்பலாத் திரியும், அங்க ஒண்ணு தொரத்தினா இன்னொண்ணு ஓடிரும். நம்ம டேங்க்ல மூணு அடி ஓடினா கண்ணாடி.

நான் விட்ட மூணுல ரெண்டு மாசத்துல ஒண்ணுதான் மிச்சம். மத்த ரெண்டும் வால் கிழிஞ்சு, செதில் உதிர்ந்து செத்துச்சு. அப்பவாவது புத்தி வந்திருக்கணும். வரல. அம்பது அறுவது வெள்ளி குடுத்து ஃபயர்ஃபிஷ்னு சாதுவான குட்டி மீனு ஜோடி ஒண்ணு வாங்கி ராத்திரி இறக்கிட்டுப் படுத்துட்டேன். காலையில ஒண்ணு சோஃபாவுக்கு அடியில இக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு) மாதிரி காஞ்சு கிடக்குது, இன்னொண்ணு தண்ணி வழிஞ்சு போற ஓவர்ஃப்ளோ பாக்ஸுக்குள்ள. டாமினோ தொரத்தியிருக்கும், ஃபயர்ஃபிஷ் பயந்தா எகிறிக் குதிக்கும், எனக்கு மூடியும் இல்ல.

சரி, டாமினோவைப் பிடிச்சிரலாம்னு பார்த்தா வலையைக் கண்டாலே பாறைக்குள்ள. பாட்டில்ல பொறி வச்சேன், என்னோட கிளீனர் இறால் போய் உள்ள உக்காந்துச்சு, இவன் வெளிய நின்னு வேடிக்கை பார்க்குறான். கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை அஞ்சு வாளியில தண்ணிய எடுத்து, பாறை மொத்தத்தையும் வெளிய தூக்கினேன், ஒட்டி வளர்ந்த ஹேமர் கோரல் (பவளம்) ஒரு தலை ஒடஞ்சுது, ரெண்டு வருஷமா வளர்த்த அக்ரோபோரா பவளக் கிளை படக்னு போச்சு, ஹால் முழுக்க உப்புத்தண்ணி, வீட்டுல ஒரு வாரம் என்கிட்ட பேச்சே இல்ல. நாலு விரக்கடை தண்ணியில நின்னுகிட்டு அப்பவும் என் விரலைக் கடிக்குதுங்க அது! வாங்கின கடையில திருப்பி எடுக்கல. சாகாதுன்னு சொன்னது பொய்யில்ல, மத்ததைச் சாகடிக்கும்னு சொல்லலையே, அதான் இன்னிக்கும் எரியுது.

சைக்கிளிங்குக்கு மீனுக்குப் பதிலா தேக்கா மார்க்கெட்ல பச்சை இறால் ஒண்ணு வாங்கி, பழைய சாக்ஸ்ல முடிஞ்சு டேங்க்ல தொங்க விடுங்க, அழுகினா அம்மோனியா வரும். நாறும், பொறுத்துக்குங்க. டெஸ்ட்ல அம்மோனியா ஏறினதும் எடுத்துருங்க. அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யத்துக்கு வர்ற வரைக்கும் மீனே வேணாம்.

முரடனை முதல்ல இறக்குறது

சிக்ஸ்லைன் ராஸ், டாட்டிபேக், மரூன் கிளவுன் மாதிரி முரட்டு மீனெல்லாம் வேணாம்னு சொல்லல, என்கிட்டயே சிக்ஸ்லைன் இருக்கு. ஆனா யாரு முதல்ல வந்து பாறையைப் பிடிக்கிறாங்களோ அவங்கதான் வீட்டுக்காரங்க, நம்ம ஊர்ல சாப்பாட்டு மேசையில டிஷ்யூ பாக்கெட் போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. அதனால பயந்தாங்கொள்ளி கோபி, கார்டினல் எல்லாம் முதல்ல, ஒரு மாசம் நல்லா சாப்பிட்டுப் பழகட்டும். முரடன் கடைசி.

ஏற்கனவே மாத்தி விட்டாச்சா? ஓட்டை போட்ட அக்ரிலிக் பெட்டி கிடைக்கும், புது மீனை அதுல போட்டு டேங்க்குள்ளயே நாலஞ்சு நாள் தொங்க விடுங்க. பழைய மீனு முதல் நாள் பெட்டியை வந்து வந்து இடிக்கும், அப்புறம் அலுத்துப் போய் விட்டுரும். மூணாவது நாளும் இடிச்சுகிட்டே இருந்தா திறக்காதீங்க. திறக்குற அன்னிக்கு பாறை ரெண்டு மூணை இடம் மாத்தி வச்சா பழைய எல்லைக்கோடும் கலைஞ்சிரும்.

ஒரே ஜாடையில ரெண்டு டாங்

உடம்பு வாகு ஒண்ணா இருந்தா சண்டை நிச்சயம். டாங் மீனுக்கு வால் அடியில இருக்குறது நெஜமாவே கத்தி. நான் டேங்க் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் முகம் பார்க்குற கண்ணாடி ஒண்ணை ஒட்டி வச்சேன், பழைய டாங் ரெண்டு நாள் அதுல தெரிஞ்சவனோட மல்லுக்கட்டிட்டே இருந்துச்சு, புதுசு அதுக்குள்ள செட்டில் ஆயிருச்சு.

ட்ரிகர்

இந்த மீனு இறால், நண்டைத் தின்னுரும், அதெல்லாம் வச்சிருந்தா வேணாம்.

வேணாத மீனைக் கடல்ல விடுறது

சட்டப்படி குத்தம்.

தம்பிக்கு உடனே போன் போட்டேன். கோரல் இன்னும் எதுவும் வைக்கல, பாறையும் ஒட்டல, அதனால சனிக்கிழமை ரெண்டு வலையோட வர்றேன்னு சொல்லியிருக்கேன். நேத்து மெசேஜ் வந்துச்சு: "அண்ணே, மூணுல ஒண்ணைக் காணோம்."