எலும்பு மெலிவும் மலையக வாழ்க்கையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தில் எலும்பு மெலிவு நோயைப் பற்றிப் பேச்செடுத்தால், "ஏறி இறங்கி உழைக்கிற உடம்புக்கு அதெல்லாம் வராது" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருப்பதால்தான் அது இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது. உடல் எடையைத் தாங்கிச் சரிவில் நடப்பது எலும்பை உறுதிப்படுத்தத் தூண்டுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், உழைப்பால் தூண்ட மட்டுமே முடியும். எலும்பைக் கட்டுவதற்குரிய கல்சியமும் புரதமும் உணவிலிருந்தும், அந்தக் கல்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்வதற்கு வேண்டிய விட்டமின் டி பெருமளவு வெயிலிலிருந்துமே வந்தாக வேண்டும். அத்துடன், மாதவிடாய் நின்ற பின்னர் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைவதால் அடுத்த சில ஆண்டுகளில் வேகமாக ஏற்படும் எலும்பு இழப்பை, எத்தனை மலை ஏறி இறங்கினாலும் உழைப்பால் மட்டும் ஈடுகட்டிவிட முடியாது. உலகளவில் 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கும் ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் இந்த நோயால் எலும்பு முறிவு ஏற்படுகிறது என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஆகவே இதைப் பெண்களின் நோய் என்று ஆண்கள் ஒதுக்கி வைப்பதும் தவறே, அதிலும் புகைப்பிடிப்பவர்களும் நாள்தோறும் சாராயம் அருந்துபவர்களும்.

வலி வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது இன்னொரு பெருந்தவறு. முழங்கால் வலியும் விரல் மூட்டு வீக்கமும் வேறு நோய்களின் அறிகுறிகள். எலும்பு மெலிவதோ முறியும் வரை வலிப்பதில்லை. நின்ற நிலையிலிருந்து சாதாரணமாக வழுக்கி விழுந்து, கையை ஊன்றியதால் 55 வயதுப் பெண்ணின் மணிக்கட்டு முறிந்தால், "விழுந்ததால் முறிந்தது" என்று அந்த விடயத்தை அத்துடன் முடித்துவிடுகிறோம். உறுதியான எலும்பு அந்த அளவு விழுகையைத் தாங்கியிருக்க வேண்டும் என்பதால், அதை எலும்பு மெலிவின் முதல் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இளமையில் இருந்த உயரத்தில் நான்கு சென்ரிமீற்றர் குறைந்திருந்தாலோ, முதுகு கூன் விழத் தொடங்கியிருந்தாலோ, முள்ளந்தண்டில் ஏதோ ஓர் எலும்பு ஓசையின்றி நொறுங்கியிருக்கக்கூடும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா பரிசோதனைக்கு நகரத்துப் பெரிய வைத்தியசாலைக்குத்தான் செல்ல வேண்டியிருக்கும். ஆனால் அந்தப் பரிசோதனை இல்லாமலேயே வயது, எடை, பழைய முறிவுகள், பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா என்பன போன்ற விவரங்களைக் கொண்டு ஆபத்தைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் என்ற கணிப்பு முறையில் இலங்கைக்கென ஒரு பிரிவும் இருக்கிறது. வைத்தியரிடம் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

உணவுக்கு வருவோம். தேநீர் எலும்பை அரித்துவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். தேநீரைக் குற்றவாளியாக்குவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை, ஏனெனில் நாளொன்றுக்கு மூன்று, நான்கு கோப்பைத் தேநீரால் எலும்புக்கு நேரும் இழப்பு மிகச் சிறியது. பசியெடுக்கும் வேளையில் உணவுக்குப் பதிலாகச் சீனி போட்ட பிளேன் டீயும் ஒரு கோதுமை ரொட்டியும் போதும் என்று இருந்துவிடுவதே இங்கு உண்மையான தவறு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் கல்சியமும், 50 வயதைக் கடந்த பெண்ணுக்கு 1,200 மில்லிகிராமும் தேவை. 200 மில்லிலீற்றர் பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் கிடைக்கிறது. தேநீரை வெளுக்க வைக்கும் அளவுக்குச் சேர்க்கும் ஒரு தேக்கரண்டிப் பால்மாவிலோ 50 மில்லிகிராம்கூடத் தேறாது. அதைப் பால் குடித்த கணக்கில் சேர்க்க முடியாது.

பசு வளர்க்கும் குடும்பங்களில் நடப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. காலையில் கறந்த பால் முழுவதும் பால் சேகரிக்கும் வண்டிக்குப் போய்விடுகிறது. வீட்டில் வளரும் பெண்பிள்ளைக்கும் பாட்டிக்கும் அதில் ஒரு கோப்பைகூட மிஞ்சுவதில்லை. அந்த வருமானம் எவ்வளவு தேவை என்பதை அறியாமல் இதைச் சொல்லவில்லை. இருந்தாலும், வாழ்நாளுக்கான எலும்புச் சேமிப்பின் பெரும்பகுதி 20 வயதுக்குள் முடிந்துவிடுவதாலும், 30 வயதுக்குப் பின் அதைக் கூட்டுவது கடினம் என்பதாலும், பிள்ளைகளுக்காவது நாளொன்றுக்கு ஒரு கோப்பைப் பாலை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தை விற்பதே நல்ல கணக்கு.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வழி இருக்கிறது. குரக்கன் மாவில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. ரொட்டி மாவில் பாதியைக் குரக்கனாக மாற்றினாலே பெரும் வேறுபாடு தெரியும். நெத்தலியை முள்ளோடு மென்று உண்ண வேண்டும். உப்பு மிகுந்தால் கல்சியம் சிறுநீரோடு கூடுதலாக வெளியேறும் என்பதால், நெத்தலிக் கருவாட்டைச் சமைப்பதற்கு முன் நீரில் ஊற வைத்து அலசிவிடுவது நல்லது. அப்படி அலசினாலும் முள்ளிலுள்ள கல்சியம் போய்விடாது. டின் மீனில் பஞ்சாக வெந்திருக்கும் நடுமுள்ளை எடுத்து வீசுவதும் வீண்தான், ஏனெனில் கல்சியமும் விட்டமின் டியும் ஒருசேரக் கிடைக்கும் மலிவான உணவுகளில் அது ஒன்று. நுவரெலியா, வெலிமடைப் பக்கத்தில் நோகோல், முள்ளங்கி ஆகியவற்றின் கிழங்கை மட்டும் வைத்துக்கொண்டு இலையை மாட்டுக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்த இலைகளிலுள்ள கல்சியத்தை உடல் எளிதாக ஏற்கும், பசளியிலுள்ளதையோ அதிலேயே இருக்கும் ஒக்சலேட் என்ற பொருள் பெருமளவு தடுத்துவிடும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பே போதிய கல்சியம் தரும் என்ற எண்ணத்தை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும். அந்தச் சிறு பூச்சுக்காக வாயில் சேர்வது பாக்கும் புகையிலையும். புகையிலை எலும்பையும் மெலிவிக்கும், பாக்கோ புகையிலை சேராமலேயே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

வெயிலைப் பற்றியும் ஒரு தவறான கணக்கு உண்டு. நாள் முழுவதும் வெளியில் கொழுந்து பறிப்பவருக்கு விட்டமின் டி குறையுமா என்று கேட்கத் தோன்றும். தலையில் துணி, முழுக்கைச் சட்டை, இடுப்புக்குக் கீழே படங்கு, மலையை மூடிய பனிமூட்டம் என்று எல்லாம் சேர்ந்தால், தோலில் படும் வெயில் நாம் நினைப்பதைவிடக் குறைவு. இளங்காலை வெயில்தான் நல்லது என்று பாட்டிமாரை ஆறரை மணிக்கு வாசலில் உட்கார வைப்பதாலும் பெரிய பயன் இல்லை. விட்டமின் டியை உண்டாக்கும் கதிர்கள், நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் நேரத்தில், அதாவது ஏறத்தாழ காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில்தான் போதிய அளவில் வருகின்றன. கண்ணாடி யன்னலுக்குள் அவை நுழைவதும் இல்லை. மூட்டம் விலகிய நாட்களில் அந்த வேளையில் கைகால்களை இருபது, முப்பது நிமிடங்கள் வெயில் பட விடலாம்.

ஓய்வு பெற்றவுடன் திடீரென்று முற்றாக உட்கார்ந்துவிடுவது, மலையகத்துப் பெண்கள் பலரிடம் காணப்படும் தவறு. அதுவரை நாள்தோறும் நடந்த கால்கள் ஓய்ந்தால், தசையும் எலும்பும் சேர்ந்தே தளரும். நடப்பதோடு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையும், சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பதையும் பழகினால் தடுமாற்றம் குறையும். எலும்பு ஏற்கெனவே மெலிந்தவர்கள் மட்டும், இடுப்பை முன்னால் வளைத்து விறகுக் கட்டையும் தண்ணீர்க் கலனையும் தூக்கக் கூடாது. முள்ளந்தண்டு நொறுங்குவது பெரும்பாலும் அப்படித்தான்.

மருந்துகளிலும் கவனம் வேண்டும். ஆஸ்துமாவுக்கும் வாதத்துக்கும் கொடுக்கப்படும் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டிரொய்ட் மாத்திரையை மூன்று மாதங்களுக்கு மேல் உட்கொள்பவர்கள் எலும்பைப் பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும், ஆனால் அதைத் தாமாகத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கருத்தடைக்கான டெப்போ ஊசியை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்துபவர்கள் கிளினிக்கில் இதைக் குறித்துப் பேசுவது நல்லது. கல்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்கினால் இரும்பு சரியாக உடலில் சேராது.

இவ்வளவும் செய்தாலும், வழுக்கி விழுந்தால் முறிவு வரத்தான் செய்யும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தில் மே முதல் செப்டம்பர் வரையும், பதுளை, பசறைப் பக்கத்தில் ஆண்டிறுதி மழையிலும் லயத்துப் படிகளில் பாசி படர்ந்துவிடுகிறது. பிள்ளைகள் வழுக்கினால் முழங்கால் சிராயும். எழுபது வயது அம்மாவுக்கு இடுப்பு முறியும். முதியவர்களுக்கு இடுப்பு முறிந்தால், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார் என்பதை நினைத்தால், படிகளைத் தேய்த்துக் கழுவுவதும், ஒரு பக்கம் மூங்கிலாவது கட்டிக் கைப்பிடி அமைப்பதும் சிறிய வேலைகள் அல்ல. தேய்ந்த இறப்பர் செருப்பு, வாசலில் போட்ட ஈரச் சாக்கு, இரவில் டோர்ச் இல்லாமல் வெளிக் கழிவறைக்குப் போவது, கண்ணில் வெண்படலம் வளர விட்டுவிட்டுச் சத்திர சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆகிய நான்கையும் இந்த மாதமே சரிசெய்யத் தொடங்கலாம்.

முறிந்த பின் நடக்கும் தவறுகளும் உண்டு. விழுந்தவரால் எழுந்து நிற்க முடியாமல், ஒரு கால் குட்டையாகவும் வெளிப்புறம் திரும்பியும் கிடந்தால், எண்ணெய் தேய்க்காமலும் இழுத்துப் பார்க்காமலும் நேராக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். முறிவு பொருந்திய பின்பு எலும்பை உறுதிப்படுத்த வாரத்துக்கு ஒரு முறை எடுக்கும் அலென்ட்ரொனேட் மாத்திரை கொடுக்கப்பட்டால், அதைக் காலைத் தேநீரோடு விழுங்குவது நம்மிடையே எளிதில் நேர்ந்துவிடக்கூடிய பிழை. அப்படி எடுத்தால் மருந்து உடலில் சேராது. வெறும் வயிற்றில், ஒரு குவளை சாதாரணத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது சாயாமல் உட்கார்ந்தோ நடந்தோ இருந்துவிட்டு, அதன் பிறகே தேநீரைத் தொட வேண்டும்.