கருத்தடை: உங்கள் உடம்புக்கு ஒத்துவருவது எது?

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒத்துக்கொண்டது என்பதற்காக அதே மாத்திரையை வாங்கிவிடாதீர்கள். உயர் இரத்த அழுத்தமோ, கண்ணெதிரே ஒளி மின்னிவிட்டு வரும் ஒற்றைத் தலைவலியோ இருந்தால் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை வேண்டவே வேண்டாம். பால் கொடுக்கும் தாய்க்கும் முதல் 6 மாதம் அப்படித்தான். மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகமுள்ளவர்களுக்கு, கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி அதை மேலும் கூட்டலாம்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு விடியலில் கிளம்பும் பெண்ணுக்குத் தினமும் மாத்திரையை நினைவில் வைப்பது பெரும்பாடு. 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி அவருக்கு வசதி. ஆனால் நிறுத்திய பிறகு கருத்தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகலாம். சீக்கிரம் குழந்தை வேண்டுமென்றால் இது சரிவராது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான். முதலில் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.