சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டில் விசுவாசம் சொல்லிக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில், அதாவது ஞாயிறு பள்ளியில், பாலர் வகுப்பு எடுக்கிறேன். 3 வயதிலிருந்து 6 வயது வரை உள்ள பிள்ளைகள். முன்பு என்னிடம் படித்த சிலர் இன்று தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். வீட்டில் என்ன சொல்லி வளர்க்கிறார்கள், எப்படி ஜெபிக்கிறார்கள் என்பதெல்லாம் ஞாயிறு காலையில் பிள்ளைகள் வாயாலேயே வந்துவிடும். கேட்கக் கேட்க, எங்கள் தலைமுறை பெற்றோர் செய்த அதே தவறுகளை இவர்களும் அச்சு மாறாமல் செய்கிறார்கள் என்று தெரிகிறது. அக்கறை இல்லாமல் செய்கிறவர்கள் யாரும் இல்லை. அதனால்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

கோயிலுக்கு ஒழுங்காகக் கூட்டிப் போங்கள், பிள்ளைகள் முன்னால் சண்டை போடாதீர்கள், சொல்வதும் செய்வதும் ஒன்றாக இருக்கட்டும் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தவறு என்றே தெரியாமல் செய்கிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

குடும்ப ஜெபத்தை நீட்டுவது

திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் பல வீடுகளில் ராத்திரி குடும்ப ஜெபம் இன்னும் நடக்கிறது. நல்ல வழக்கம். ஆனால் ஒரு பாட்டு முழுவதும், ஒரு அதிகாரம் முழுவதும், அப்புறம் வளைகுடாவில் இருக்கிற மாமா, ஆபரேஷன் ஆன பெரியம்மா, வேலை கிடைக்காத சித்தப்பா மகன் என்று ஒருவர் விடாமல் ஒரு ஜெபம். இதற்குள் 4 வயதுப் பிள்ளை அம்மா மடியில் தூங்கிவிடும். தூங்கினதற்கு முதுகில் ஒரு தட்டும் விழும்.

சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் 5 நிமிடம் போதும். ஒரு பாட்டில் ஒரு சரணம், ஒரு சின்னச் சம்பவம், பிள்ளைக்குப் புரிகிற நாலு வரி ஜெபம். பெரியவர்களின் நீண்ட ஜெபத்தைப் பிள்ளைகள் தூங்கின பிறகு வைத்துக்கொள்ளலாம். சம்பவத்தை முதலில் வீட்டுப் பேச்சில் சொல்லிவிட்டு, அப்புறம் வேதாகமத்தில் அந்த 2, 3 வசனத்தை வாசியுங்கள். கதை தெரிந்த பிறகு வசனம் காதில் விழுந்தால் பிள்ளையின் முகமே மலரும்.

இயேசுவைக் காட்டிப் பயமுறுத்துவது

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வருகிற விஷயம் இது.

‘சாப்பிடலைன்னா இயேசப்பா அடிப்பாரு.’ ‘பொய் சொன்னா இயேசப்பா கண்ணைக் குத்திருவாரு.’ ‘நீ பண்றதை எல்லாம் இயேசப்பா மேல இருந்து பாத்துட்டே இருக்காரு, பாத்துக்கோ.’ இதைச் சொல்லாத வீடு எனக்குத் தெரிந்து குறைவு. ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று ஊரெல்லாம் சொல்வதில் சாமியை எடுத்துவிட்டு இயேசப்பாவை வைத்துவிடுகிறோம். சோறு ஊட்டி அலுத்துப்போன அம்மாவுக்கு அது உடனே பலன் கொடுக்கும். பிள்ளை வாயைத் திறக்கும். பிரச்சினையே அங்குதான் ஆரம்பிக்கிறது.

என் வகுப்பில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். ‘ஜெபம் பண்ணலாம், கண்ணை மூடுங்க’ என்று சொன்னதும் மற்றப் பிள்ளைகள் கைகூப்புவார்கள். இவள் மட்டும் இரண்டு உள்ளங்கையையும் கண்மேல் வைத்து அழுத்திக்கொள்வாள். விரல் நுனி வெளுக்கிற அளவுக்கு அழுத்துவாள். முதலில் ஏதோ பழக்கம் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, ‘ஏன்மா கைகூப்பலை?’ என்று கேட்டதற்கு, கையை எடுக்காமலே சொன்னாள்: ‘கையை எடுத்தா இயேசப்பா கண்ணைக் குத்திருவாரு டீச்சர்.’ முந்தின நாள் தம்பியைக் கிள்ளியிருக்கிறாள். ஆறுதல் தேடி வர வேண்டிய இடத்துக்கு அந்தப் பிள்ளை ஒவ்வொரு வாரமும் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்திருக்கிறது.

இன்னொரு பையனுக்கு 6 வயது. அவன் தம்பியை டெங்கு காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வகுப்பில் தம்பிக்காக ஜெபிப்போம் என்றதும் இவன் அழ ஆரம்பித்தான். விசாரித்தால், பிஸ்கட்டை எடுத்துத் தின்றுவிட்டு ‘நான் எடுக்கலை’ என்று சொல்லியிருக்கிறான். பொய் சொன்னால் இயேசப்பா தண்டிப்பார் என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தனக்கு வர வேண்டிய தண்டனை தம்பிக்குப் போய்விட்டது என்று அவனே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான். அதை எத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்தானோ. அவன் அம்மாவிடம் சொன்னபோது அவர் ஆடிப்போய்விட்டார். அன்று சாயங்காலமே அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, காய்ச்சலைக் கொண்டுவந்தது கொசு, நீ இல்லை, பொய் சொன்னதை இயேசப்பா மன்னித்துவிட்டார் என்று தெளிவாகச் சொன்னார். அதன் பிறகுதான் அவன் தம்பியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வர ஒத்துக்கொண்டானாம்.

சின்னப் பிள்ளைகளின் புத்தி இப்படித்தான் வேலை செய்யும் என்பதை ஆராய்ந்து பார்த்தவர்கள் உண்டு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே பிள்ளைகளிடம் ஒரு கதை சொல்லிக் கேட்டார். ஆப்பிள் திருடிவிட்டு ஓடுகிற ஒரு பையன், ஆற்றைக் கடக்கும்போது இற்றுப்போன பாலம் உடைந்து தண்ணீரில் விழுகிறான். திருடாமல் இருந்திருந்தால் பாலம் உடைந்திருக்குமா? பெரிய பிள்ளைகள் பாலம் இற்றுப்போயிருந்ததைப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அவன் திருடியதால்தான் விழுந்தான் என்றார்கள். அதாவது, கெட்டது நடந்தால் அது தண்டனை என்ற எண்ணம் அந்த வயதில் தானாகவே இருக்கிறது. நாம் அதற்கு இயேசுவின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால், பிறகு வருகிற ஒவ்வொரு காய்ச்சலும், ஒவ்வொரு சாவும் அவர் கணக்கில் போய்ச் சேரும்.

இயேசு இந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவே இல்லை. யோவான் 9ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைப் பார்த்ததும் இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார். லூக்கா 13இல், சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, ‘அப்படியல்ல’ என்று அவரே பதிலும் சொல்கிறார். மனந்திரும்பச் சொன்னது எல்லோருக்கும் பொதுவாக. செத்தவர்கள்மேல் பழி போடவில்லை. பெரியவர்களுக்கே அவர் திருத்திக் கொடுத்ததைப் பிள்ளைகளுக்கு நாம் திரும்பவும் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறோம்.

‘பாத்துட்டே இருக்காரு’ என்பதும் அப்படித்தான். தேவன் பார்க்கிறார் என்பதை வேதாகமத்தில் பெயராகவே வைத்துச் சொன்னவள் ஆகார். எஜமானியின் கடுமை தாங்காமல் வயிற்றில் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடிப்போன அடிமைப்பெண். தண்ணீர் ஊற்றண்டையில் அவளைத் தேடிவந்து பேசினவருக்கு அவள் வைத்த பெயர், ‘நீர் என்னைக் காண்கிற தேவன்’. யாருமே கவனிக்காத என்னை இவர் கவனித்தார் என்ற நன்றி அதில் இருக்கிறது. அதே உண்மையை நாம் ரிமோட்டை எடுக்காதே என்று மிரட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். ராத்திரி விளக்கை அணைத்ததும் பயப்படுகிற பிள்ளையிடம் ‘இயேசப்பா உன்னைப் பாத்துட்டு இருக்காரு’ என்று சொல்லுங்கள். அந்த வார்த்தை அந்த நேரத்துக்குரியது.

இதைச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் உடனே ஒரு வசனம் எடுப்பார்கள்: ‘கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்.’ உண்மைதான். அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று 103ஆம் சங்கீதம் சொல்கிறது: ‘தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோல, கர்த்தர் தமக்குப் பயந்தவர்களுக்கு இரங்குகிறார்.’ பயமும் இரக்கமும் ஒரே வசனத்தில் நிற்கின்றன. ஜெர்மன் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் புத்தகத்தில் பத்துக் கட்டளைகளின் விளக்கமும், தேவனுக்குப் பயந்து அவரிடம் அன்புகூர வேண்டும் என்றே ஒவ்வொரு முறையும் தொடங்கும். குடும்பத் தலைவர் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவென்றே எழுதப்பட்டது அது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழில் கொண்டுவந்தார். 3 வயதில் அன்பைத் தவிர்த்துவிட்டுப் பயத்தை மட்டும் கொடுத்தால், பிள்ளை 15 வயதில் இரண்டையும் விட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, பிள்ளை பொய் சொன்னால் என்னதான் செய்வது? கண்டிக்கிற வேலை உங்களுடையது, அதை நீங்களே செய்யுங்கள். ‘நீ பொய் சொன்னது அம்மாவுக்கு வருத்தமா இருக்கு. இன்னிக்கு சைக்கிள் கிடையாது’ என்று உங்கள் பெயரில் சொல்லுங்கள். ராத்திரி ஜெபத்தில் பிள்ளையோடு சேர்ந்து மன்னிப்புக் கேளுங்கள். கேட்டு முடித்ததும், மன்னித்துவிட்டார் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பலர் இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். மன்னிப்புக் கேட்ட பிள்ளை, பதில் வந்ததா இல்லையா என்று தெரியாமலே தூங்கப்போகிறது.

ஏற்கெனவே பயமுறுத்திவிட்டீர்கள் என்றால், தானாக மறந்துவிடும் என்று விடாதீர்கள். ‘கண்ணைக் குத்துவார்னு அம்மா சொன்னது தப்பு. அவர் அப்படிச் செய்யமாட்டார். கண்ணு தெரியாதவங்களுக்குக் கண்ணு கொடுத்தவர்’ என்று சொல்லிவிட்டு, எரிகோவில் பர்திமேயுவுக்குப் பார்வை கிடைத்த கதையைச் சொல்லுங்கள். தாத்தா பாட்டியிடமும் பேசிவையுங்கள். எலிசா தீர்க்கதரிசியின் வழுக்கைத் தலையைக் கேலி செய்த பிள்ளைகளைக் கரடி பீறின கதையைப் பேரனுக்குச் சொல்கிற தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். மரியாதை குறையாமல், ஆனால் உறுதியாகச் சொல்லிவிட வேண்டும்.

வசனத்தைத் தண்டனையாகக் கொடுப்பது

கூடாது. சேட்டை செய்ததற்கு 10 தடவை எழுதின சங்கீதத்தை எந்தப் பிள்ளையும் பிறகு ஆசையாக எடுத்து வாசிக்காது.

வயதுக்கு மிஞ்சின கதை

ஆபிரகாம் ஈசாக்கைப் பலிகொடுக்கப் போன கதையை வீட்டில் கேட்டுவிட்டு வந்த ஒரு குட்டிப் பையன் என்னிடம் கேட்ட கேள்வி: ‘எங்க அப்பாகிட்டயும் கர்த்தர் அப்படிச் சொல்வாரா?’ விசுவாசத் தந்தையின் கீழ்ப்படிதல் நமக்குத் தெரிகிறது. 4 வயதுப் பிள்ளைக்கு அப்பாவும் கத்தியும்தான் தெரியும். அந்தக் கதைக்குக் காலம் வரும். இப்போதைக்கு நூறில் காணாமல்போன ஒரு ஆடு, 5 அப்பமும் 2 மீனும் கொடுத்த பையன், மரத்தில் ஏறின சகேயு, கோயிலில் படுத்திருந்த சாமுவேலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கர்த்தர் என்று எத்தனையோ இருக்கின்றன. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது வேண்டியிருக்கிறது.

விருந்தாளி முன்னால் ஒப்பிக்கச் சொல்வது

‘ஆன்ட்டிக்கு 23ஆம் சங்கீதம் சொல்லு’ என்றதும் பிள்ளை கதவுக்குப் பின்னால் போய் நிற்கும். விட்டுவிடுங்கள். வசன மனப்பாடப் போட்டிக்குச் சபையில் மேடை இருக்கிறது, வரவேற்பறையில் இன்னொன்று வேண்டாம். வீட்டில் சொல்லவைக்க வேண்டுமென்றால் பயன்படுகிற இடத்தில் சொல்லவையுங்கள். ஊசி போட வரிசையில் நிற்கும்போது ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்று அம்மாவும் பிள்ளையும் மெதுவாகச் சேர்ந்து சொன்னால், அந்த வசனம் எதற்கு என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

ஓய்வுநாள் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது

வாரத்தில் 168 மணி நேரம். எங்களிடம் பிள்ளை இருப்பது ஒரு மணி நேரம். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியது, வாரமெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதமும் கற்றுக்கொடுக்க. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற பிள்ளைகளுக்கு மாற்றாக அல்ல. உபாகமம் 6ஆம் அதிகாரம் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது பேசச் சொல்கிறது. இன்று அது ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கிற 10 நிமிடமாகக்கூட இருக்கலாம். தன்னோடு ஊழியம் செய்த இளைஞன் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி அப்போஸ்தலன் பவுல் எழுதும்போது, பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் பெயர் சொல்லி நினைக்கிறார்.

பைபிள் கார்ட்டூன் போட்டுக் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போவது

பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடிந்தால் போடுங்கள்.

கேள்வி கேட்டால் வாயை அடைப்பது

‘தாத்தா இப்போ எங்க இருக்காங்க? பரலோகத்துல தோசை உண்டா? ஜெபம் பண்ணியும் நாய்க்குட்டி ஏன் செத்துப்போச்சு?’ ‘அப்படியெல்லாம் கேட்கக் கூடாது’ என்று சொன்னால், பிள்ளை கேள்வியை விடாது, உங்களிடம் கேட்பதை விட்டுவிடும். ‘எனக்கும் தெரியலை. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு’ என்பது நல்ல பதில். சங்கீதக்காரரே ‘எதுவரைக்கும், கர்த்தாவே’ என்று கேட்டிருக்கிறார்.

பிள்ளையின் ஜெபத்தைத் திருத்துவது

கோழிக்குக் கால் சரியாக வேண்டும் என்று ஜெபித்தால் ஆமென் சொல்லுங்கள்.

காணிக்கைக் காசைக் கடைசி நிமிடத்தில் கையில் திணிப்பது

காணிக்கைப் பை இரண்டு வரிசை தள்ளி வரும்போது அம்மா கைப்பையைத் துழாவுவார். 10 ரூபாய் நாணயம் பிள்ளையின் கைக்கு வந்த வேகத்தில் பைக்குள் விழும். பிள்ளைக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான். சனிக்கிழமை ராத்திரியே கொடுத்துவிடுங்கள். தன் டப்பாவிலிருந்து தானே எடுத்துவைத்தால் இன்னும் நல்லது. ஒருவேளை காலையில் ‘இதைக் கொடுக்கமாட்டேன், எனக்கு வேணும்’ என்று அழலாம். அழட்டும், வற்புறுத்த வேண்டாம். அந்த வாரம் கொடுக்காமல் போகட்டும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் கேளுங்கள்.