ஏடு தொடக்கியாச்சு, அடுத்தது என்ன? வீட்டில் வாசிப்புப் பழக்கும் முறை

விஜயதசமிக்கு அரிசியில் 'அ' எழுதி ஏடு தொடக்குகிறோம். அடுத்த நாளே அரிச்சுவடியை விரித்து 247 எழுத்தையும் வரிசையாக ஒப்புவிக்க வைக்கிறோம். என் மூத்த மகளுக்கு நானும் அப்படித்தான் செய்தேன். பாட்டுப் போலச் சொல்வாள். 'மரம்' என்று எழுதிக் காட்டினால் வாசிக்கத் தெரியாது. இளையவனுக்கு வழியை மாற்றினேன். கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் செய்ததை இங்கே எழுதுகிறேன். தரம் 1க்குப் போகக் காத்திருக்கும் நாலரை, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்தும்.

முதல் படி: காது

கொப்பியும் பென்சிலும் வேண்டாம். பின்னேரம் முற்றத்தில் இருந்து கதைக்கும்போது, "கடல், வயல், பால் எல்லாம் எந்தச் சத்தத்தில் முடியுது?" என்று கேளுங்கள். 'ல்' என்று பிள்ளை தானாகப் பிடிக்கும்வரை எழுத்தைக் காட்டாதீர்கள்.

இரண்டாம் படி: எட்டு மட்டைகள்

பழைய பெட்டி மட்டையை வெட்டி ப, ட, ம, ர, க, ல, ம், ல் என்று பெரிதாக எழுதுங்கள். இவ்வளவும் போதும். படம், மரம், கடல், பகல், கல், பல் எல்லாம் வந்துவிடும். எழுத்தின் கீழ் விரலை வைத்து இடையில் நிறுத்தாமல் 'ம…ர…ம்' என்று இழுத்துச் சொல்லுங்கள். 'மானா, ரானா' என்று பெயர் சொல்ல வேண்டாம். அந்தப் பெயர்களைச் சேர்த்தால் மரம் வராது.

மூன்றாம் படி: கால் போடுவது

அதே எழுத்துகளோடு 'ா' மட்டையைச் சேருங்கள். கால், பால், பாடம், பாலம், காகம், மாமரம். 'காகம்' என்பதில் இரண்டு 'க'வும் ஒரே மாதிரி ஒலிக்காது. அதை விளக்கப் போகாதீர்கள். காகத்தைத் தினமும் பார்க்கும் பிள்ளை, ஒருமுறை பிழையாகச் சொன்னாலும் தானே திருத்திக்கொள்ளும். தெரிந்த சொற்களையே கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நான்காம் படி: இங்கே அவசரப்படாதீர்கள்

'ே', 'ை' எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஆனால் சத்தம் பின்னால் வரும். இடமிருந்து வலமாக வாசிக்கப் பழகிய பிள்ளை இங்கே தடுமாறும். தனியாகக் குறியைக் காட்டாமல் 'மே', 'கை', 'லை' என்று ஒரே மட்டையில் எழுதிக் கொடுங்கள்: மேகம், மலை, கை. உகரம் அதைவிடக் கடினம். கு, டு, மு, பு, ரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். ஒரு விதி சொல்லிப் பழக்க முடியாது. ஒரு வாரத்துக்கு ஒன்று என்று எடுத்தாலும் பரவாயில்லை. என் மகனுக்கு 'கு' பிடிபட்டது மணலில் விரலால் எழுதித்தான்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை கொட்டாவி விட்டால் மட்டைகளை எடுத்து வையுங்கள். ஆனால் இரவில் நீங்கள் கதை வாசித்துக் காட்டுவதை மட்டும் விடாதீர்கள். நாங்கள் 'இருக்கு' என்று கதைக்கிறோம், புத்தகத்தில் 'இருக்கிறது' என்று இருக்கும். அந்தத் தமிழும் பிள்ளையின் காதில் முன்கூட்டியே விழ வேண்டும்.

ஐந்தாம் படி: பஸ்ஸில்

'ள' சேர்ந்ததும் 'குளம்' வாசிக்கப் பழக்குங்கள். வன்னிப் பிள்ளைக்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. வவுனியாவுக்கு பஸ் ஏறினால் ஏ9 வீதியில் மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் என்று ஊர்ப் பெயர்ப் பலகைகள் வரும். யன்னல் பக்கம் இருத்திவிடுங்கள். முழுப் பெயரும் வாசிக்கத் தேவையில்லை, கடைசிச் சொல்லைத் தேடினால் போதும். மூன்றாவது பலகைக்கு என் மகன் பஸ் முழுக்கக் கேட்க "குளம்!" என்று கத்தினான்.

திரும்பி வரும்போது 'கிளிநொச்சி'யில் 'கிளி'யை மட்டும் கேளுங்கள். 'நொ'வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. அது அடுத்த மாதத்துக்கு இருக்கட்டும்.